எதிர்த்துக் கத்தினான்

என் பையில் பதினோரு பேர் இருக்கிறார்கள்.
பச்சைக் கோப்பு, நடுவில் வெள்ளை நாடா.
ஏழாவது யுகேந்திரன், ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
'நடத்தை' என்ற கட்டத்தில் சிவப்பு மையில்
எதிர்த்துக் கத்தினான், எதிர்த்துக் கத்தினான்,
மொத்தம் ஆறு முறை.
அதற்கு மேல் கட்டத்தில் இடமில்லை.
டி.சி. கொடுத்துவிட்டார்கள்.

"தாட்டி உட்டுட்டமுங் மேடம்" என்றார் தலைமையாசிரியர்.
கெட்டவரில்லை. எனக்கு டீ சொல்லிவிட்டு
தனக்கு வேண்டாமென்றார், சர்க்கரை.
"நாப்பத்தெட்டுப் பேருங் ஒரே வகுப்புல.
ஒருத்தனுக்குன்னு நான் எங்கீங் போவேன்?"
இந்தக் கேள்விக்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

சோமனூர் தாண்டி, மண்ரோட்டில்
ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.
தகரக் கூரை, பன்னிரண்டு தறி.
வாசலில் நின்று என் பெயரைச் சொன்னேன்,
என் காதுக்கே வரவில்லை.
அவன் அம்மா கலாமணி என் உதட்டைப் பார்த்தாள்,
பாவில் அறுந்த இழையைத் தேடுகிறவளைப் போல.
"பள்ளிக்கூடத்துலீங்களா?"
கத்தினாள். தண்ணி குடிக்கிறீங்களா என்பதையும்
வரப்புத் தகராறு மாதிரிதான் கேட்டாள்.
சொம்பு மட்டும் மெதுவாக என் கைக்கு வந்தது.

அவன் தார் மாற்றிக்கொண்டிருந்தான்.
வாய் அசைந்தது. என்னிடம்தான்.
என்ன, என்ன என்று நானும் கத்தினேன்.

அப்போது கரண்ட் போனது.

பன்னிரண்டு தறியும் நாடாவைப் பாதி வழியில் விட்டு நின்றன.
அவன் பேச்சின் மிச்சம் மட்டும்
தனியாகக் கிளம்பித் தகரத்தில் முட்டியது:
"நான் கத்தலீங்க மிஸ்!"

எல்லோரும் சிரித்தார்கள். கலாமணியும்.
அவன் சிரிக்கவில்லை.

பிறகு எல்லாம் போன்தான்.
கோவை ஜி.எச்.சில் காதுக்கு டோக்கன்,
பஸ் காசு, சனிக்கிழமை டாக்டர் இல்லை, மறுபடி திங்கள்.
இடது காதின் கோடு தாளில் இறங்கிக்கொண்டே போனது,
கிணற்றுப் படி மாதிரி.
அவன் அப்பன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இவன் போயிட்டா தார் போட ஆளு?"
நானூறு ரூபாய்க்கு ஓர் ஆள் சொன்னார்கள். அது அவருக்குக் கட்டாது.
காலை ஷிப்டுக்கு மட்டும் பையன் என்று பேசி,
அதுவும் தப்பென்று தெரிந்து,
சரி என்றேன்.

கணக்கு டீச்சர் ரேணுகாதேவி
அந்த ஆறில் ஐந்தை எழுதியவர்.
தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.
"காது சரிங் மேடம்.
டஸ்டர எறிஞ்சது காதா?"

இல்லை. கைதான்.
அதையும் எழுதிக்கொண்டேன்.
அன்றைக்கு அவனைச் செவிட்டு நாயே என்றது யாரென்று
அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசியில் முடிவானது இவ்வளவு:
முதல் இரண்டு வாரம் மதியம் இரண்டு பீரியடு.
வலது காது டீச்சர் பக்கம் விழும்படி சன்னலோர முன்பெஞ்சு.
குரல் ஏறினால் அவர் மேஜையில் உள்ளங்கை வைப்பார்,
அவன் பார்ப்பான், குறைத்துக்கொள்வான்.
தாங்கவில்லையென்றால் வெளியே வேப்பமரம் வரை போகலாம்,
யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.
தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார்,
பேனா எழுதாமல், இரண்டாவது பேனாவில்.

திங்கள் பொழுதோட டீச்சருக்குப் போன் போட்டேன்.
"எப்படீங்?"
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
"கத்துனான்."
"எதுக்குங்?"
"அட்டெண்டன்ஸ் எடுத்தேன்.
உள்ளேன் டீச்சர்ன்னு.
பத்தாம் வகுப்பு வரைக்கும் கேட்டுச்சு."
மேஜையில் கை வைத்தீர்களா என்று கேட்க வாயெடுத்தேன்.
"வெக்கலீங்" என்றார் அவரே.

கோப்பை நாடா போட்டுக் கட்டப் போனவள்
எட்டாவது தாளைப் பார்த்தேன்.
ஏழாம் வகுப்புப் பெண், பெயர் சுகந்தி.
பூட்டிய வீடு. பக்கத்து வீட்டில் சொன்ன முகவரி
என் கையெழுத்திலேயே இருக்கிறது:
பல்லடம் பக்கம்.

பக்கமென்றால் எந்தப் பக்கம்.
ஸ்கூட்டிக்கு பெட்ரோல் போட வேண்டும்.